துணையே பகையானால்

நியூட் வளர்க்கும் தொட்டியில் மீனைச் சேர்ப்பது ஆபத்து. டார்ஜிலிங் குளங்களும் கேரள ஆறுகளும் சொல்லும் பாடமும் அதுதான்.

பாலக்காடு மாவட்டம் முதலமடை ஊராட்சியைச் சேர்ந்தது பரம்பிக்குளம். கேரளத்துக்குச் சொந்தமான காடு என்றாலும், சாலை வழியாகப் போகிறவர்கள் தமிழ்நாட்டின் சேத்துமடையைக் கடந்துதான் போக வேண்டும். இங்கிருந்து இடுக்கி வரை நீளும் மலைகளில் தவளை இனங்கள் ஏராளம். மண்புழு போலத் தோன்றும் காலில்லாத சிசிலியன்களும் உண்டு. ஆனால் நான்கு கால்களும் வாலும் கொண்ட நியூட் என்ற இருவாழ்வி இல்லை. இந்தியாவில் அதன் வீடு கிழக்கு இமயமலைப் பகுதி.

வெளிநாடுகளில் நியூட் ஒரு செல்லப் பிராணி. சிவந்த வயிறு கொண்ட ஜப்பானிய, சீன இனங்களுக்குக் கிராக்கி அதிகம். வாங்கியவருக்கு அடுத்து வரும் ஆசை, நாலு வண்ண மீன்களைத் துணைக்கு விடுவது. வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதல் சிக்கல் வெப்பம். இந்த நியூட்டுகளுக்கு 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர்ந்த நீர் வேண்டும். கடைகளில் விற்கும் பெரும்பாலான வெப்பமண்டல மீன்கள் கேட்பது 25 டிகிரி. யாருக்காவது ஒருவருக்குத் துன்பம் நிச்சயம். தங்கமீன் குளிர்ந்த நீரைத் தாங்கும். ஆனால் நியூட்டின் முட்டைகளைத் தின்றுவிடும், தண்ணீரையும் சீக்கிரம் அசுத்தமாக்கும். பார்ப் மீன்கள் வாலைக் கடிக்கும். நியூட் மெதுவாக நகரும் பிராணி. உணவுப் போட்டியில் மீனிடம் தோற்றுப் பட்டினி கிடக்கும். துடுப்பில் முள்ளுள்ள சிறு மீனை அது விழுங்கினாலோ, முள் தொண்டையில் சிக்கிவிடும்.

ஆமையும் நண்டும் சேர்க்கவே கூடாதவை. தவளையும் வேறு இன நியூட்டும்கூட வேண்டாம். காரணம் விஷம். பல நியூட்டுகளின் தோலில் டெட்ரோடோடாக்சின் இருக்கிறது. பேத்தை மீனில் உள்ள அதே நஞ்சு. நியூட்டைத் தொட்ட கையைக் கழுவச் சொல்வதும் இதனால்தான்.

அப்படியானால் யார்தான் துணை? அதே இனத்தைச் சேர்ந்த, ஒத்த அளவுள்ள இன்னொரு நியூட். மிஞ்சினால் சிறு நத்தைகள், குட்டி இறால்கள். இறாலை நியூட் தின்றாலும் கெடுதல் இல்லை. புதிய வரவைச் சில வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துக் கவனித்த பிறகே சேர்க்க வேண்டும்.

இது வெறும் முன்ஜாக்கிரதை அல்ல. நெதர்லாந்தில் சாலமாண்டர்களைக் கூண்டோடு அழித்த ஒரு பூஞ்சை 2013ல் அடையாளம் காணப்பட்டது. ஆசியாவிலிருந்து செல்லப் பிராணி வர்த்தகத்தோடு அது போய்ச் சேர்ந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. நோய் நுழைந்துவிடும் என்று அஞ்சிய அமெரிக்கா, 2016ல் 20 பேரினங்களைச் சேர்ந்த சாலமாண்டர், நியூட் இறக்குமதிக்குத் தடை விதித்தது.

குளத்தில் விட்ட மீன்

கண்ணாடித் தொட்டிக்குப் பொருந்துவது குளத்துக்கும் பொருந்தும். டார்ஜிலிங் அருகே ஜோர்போக்ரியில் இமாலய நியூட்டுக்காகவே 1985ல் ஒரு சரணாலயம் அமைந்தது. பரப்பு 0.04 சதுர கிலோமீட்டர், அதாவது சுமார் பத்து ஏக்கர். மழைக்காலத்தில் இந்த நியூட் குளத்துக்கு வந்து நீர்த்தாவரங்களில் முட்டையிடும். அழகுக்காகவோ உணவுக்காகவோ அந்த மாதிரிக் குளங்களில் மீன் விட்டால் முட்டைகளும் குஞ்சுகளும் இரையாகும். வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு பெற்ற இந்த நியூட்டைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். 2019ல் இதன் பேரினம் முழுவதும் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது.

நியூட் இல்லாத கேரளத்துக்கும் இதில் பங்குண்டு. பரம்பிக்குளத்து நீர் சேரும் சாலக்குடி ஆறு, உள்ளூர் மீன் இனங்களுக்குப் பேர் போனது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள ஆறுகளில் அமேசான் அரபைமா வலையில் சிக்கியது. வளர்ப்புக் குளங்களிலிருந்து தப்பிய மீன் அது. இடுக்கியின் பெரியார் ஏரியிலோ திலாப்பியா, ஆப்பிரிக்கக் கெளுத்தி போன்ற அந்நிய மீன்கள் நிலைத்தே விட்டன. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பை மத்திய அரசு 2000த்திலேயே தடை செய்திருந்தது.

தொட்டியில் சேர்த்த தவறான துணையைப் பிரித்து வேறு தொட்டிக்கு மாற்றிவிடலாம். சலித்துப்போய் ஆற்றில் விட்ட மீனைத் திரும்பப் பிடிக்க வழியில்லை. வேண்டாத மீனை வாங்கிய கடைக்கே கொடுப்பதுதான் நல்லது.