தோட்டத்திற்கு அழகும் தறிக்கு ஊடையும் தரும் பூண்டு

கோரை என்றவுடன் தாமிரபரணிக் கரையும் பத்தமடைப் பாயும் நம் நினைவிற்கு வருகின்றன. அக்கோரையை ஒத்த தோற்றமுடையதொரு பூண்டு ஜப்பான் தேசத்தில் வயலிலும் தோட்டத்திலும் வளர்க்கப்படுகிறது. ‘இகுசா’ என்பது அதன் பெயர். தாவர நூலார் ‘ஜங்கஸ் எஃப்யூசஸ்’ என்பர். கோரைத் தண்டு மூன்று பட்டையுடையது. இதன் தண்டோ உருண்டு, கணுவின்றி, உள்ளே வெண்ணிற நெட்டி நிறைந்தது. முற்காலத்தில் அந்நெட்டியை உரித்தெடுத்து விளக்குத் திரியாகவும் இட்டனர். இலைகள் அடியில் வெறும் உறையாகச் சுருங்கிவிட்டமையால், பச்சைத் தண்டே இலையின் தொழிலையும் செய்கிறது.

அழகிற்காக வளர்ப்போர்க்குச் சில குறிப்புகள் கூறுவோம். ஈரம் வற்றாத மண்ணும் நல்ல வெயிலும் இதற்கு இன்றியமையாதவை. குளக்கரையிலும், நான்கு விரற்கிடை நீர் நிற்கும் இடத்திலும் இரண்டு முதல் நான்கு அடி உயரம் குத்தாக வளரும். மிதமான குளிர் நாடுகளில் ஆண்டு முழுவதும் பசுமை மாறாது. அகன்ற இலைச் செடிகளின் நடுவே இது நிமிர்ந்து நிற்பது கண்ணுக்கு இனிய காட்சியாம். தண்டு திருகிச் சுருளும் வகையைத் தொட்டியில் வைப்பாரும் உளர். வசந்தத் தொடக்கத்தில் பழுத்த தண்டுகளை நீக்கி, பெருத்த குத்தைப் பிரித்து நடுதல் வேண்டும். விதை மிகுதியாக உதிர்ந்து பரவுமாதலின், பூங்கொத்து முற்றுமுன் கொய்துவிடுதல் நலம்.

பாய்க்கெனப் பயிரிடும் முறை வேறு. க்யூஷு தீவின் யட்சுஷிரோ வட்டாரம் இதற்குப் பெயர்பெற்றது. நவம்பர், டிசம்பர் மாதங்களில் சேற்று வயலில் நாற்று நடுகின்றனர். மே மாதத்தில் நுனியை வெட்டிவிட, வெளிச்சம் அடிவரை சென்று புதுத்தண்டுகள் கிளைக்கின்றன. அவை சாயாதிருக்க வலை கட்டி, ஜூன், ஜூலையில் அறுக்கின்றனர். அறுத்தவுடன் களிமண் கரைத்த நீரில் தோய்த்து உலர்த்துவதால் நிறமும் மணமும் நிலைக்கின்றன. பருத்தி முதலிய நூல் பாவாகவும் இத்தண்டு ஊடையாகவும் அமையும் பாய் ஒன்றிற்கு 4,000 தண்டுகளேனும் வேண்டும்.

இத்துணை உழைப்பிற்கும் சோதனை வந்தது. சீனாவிலிருந்து விலை மலிந்த பாய்கள் பெருகி இறங்கவே, விவசாயிகள் பலர் இப்பயிரைக் கைவிட்டனர். 2001 ஏப்ரலில் ஜப்பானிய அரசாங்கம் 200 நாட்களுக்குத் தற்காலிகக் காப்பு வரி விதித்தது. சீனாவோ பதிலுக்கு ஜப்பானிய மோட்டார் கார், கைப்பேசி, அறைக் குளிரூட்டி ஆகியவற்றின்மீது நூற்றுக்கு நூறு வரி சுமத்தியது. ஆண்டிறுதியில் பேச்சு நடத்தி இரு தரப்பும் உடன்பாடு கண்டன. காப்பு வரி நீடிக்கவில்லை. அதன் பின்னரும் சாகுபடிப் பரப்பு சுருங்கியே வந்தது.

எஞ்சிய விவசாயிகள் கைக்கொண்ட வழி நாம் கருதத்தக்கது. விளைந்த இடத்தையும் விளைவித்தவரையும் அறிவிக்கும் சீட்டைப் பாயினுள் வைத்தே அனுப்புகின்றனர். வாங்குவோர் தரத்தைப் பிரித்தறிய இது துணை செய்கிறது. வரி எனும் வேலி அரசாங்கம் இடுவது, நாளை அகற்றப்படலாம். தரமும் நாணயமும் நாமே இடும் வேலி. நம் கோரைப் பாயிலும் நெய்தவர் பெயரும் சங்க முத்திரையும் தவறாது இடம்பெறுமாறு அங்கத்தினர் அனைவரும் பார்த்துக்கொள்வார்களாக.