திறப்புத் திகதியும் திறக்காத கதவும்

சென்ற மாதம் எனது நண்பர் ஒருவரின் மகன் கடைக்கு வந்து அழைப்பிதழ் ஒன்றைத் தந்தார். பாதணிக் கடை திறக்கப் போகிறார். சந்தோஷமான விடயம். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். திறப்பு விழாவுக்கு இன்னும் பதினெட்டு நாட்களே இருந்தன.

"வயரிங் வேலை முடிஞ்சதா மகன்?" என்று கேட்டேன்.

"இன்னும் கொஞ்சம் கிடக்கு மாமா. பாஸ் முடிச்சுத் தாறேன் என்டு சொல்லியிருக்கார்" என்றார்.

அவரை உட்கார வைத்து, ஒரு பிளேன்டீயும் கொடுத்து, லண்டனில் ஓர் உதைபந்தாட்டக் கழகம் தனது புதிய மைதானத்தைத் திறந்த கதையைச் சொன்னேன். பாதணிக் கடைக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் முழித்தார். வாசகர்களாகிய நீங்களும் அப்படியே நினைக்கலாம். கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள். இது முழுக்க முழுக்க வியாபாரக் கதைதான்.

பழைய கடையை இடித்தார்கள்

வட லண்டனில் டொட்டன்ஹம் ஹொட்ஸ்பர் என்றொரு கழகம் உண்டு. 1899 முதல் வைட் ஹார்ட் லேன் என்ற மைதானத்திலேயே ஆடி வந்தது. அங்கே சுமார் 36,000 பேர்தான் அமரலாம். கேள்வி அதிகம், இடம் குறைவு. நமது பாஷையில் சொன்னால், வாடிக்கையாளர் வாசலில் நிற்கிறார், உள்ளே விட கடையில் இடமில்லை. ஆகவே அதே இடத்தில் 62,000 பேருக்கு மேல் அமரக்கூடிய புதிய மைதானம் கட்டுவதென்று தீர்மானித்தார்கள்.

2008 இல் அறிவித்த திட்டம் இது. காணி சேர்ப்பதே பெரும்பாடாகிவிட்டது. மைதானத்துக்குத் தேவையான நிலத்தில் ஒரு குடும்பத்தின் உலோகத்தகட்டுத் தொழிற்சாலை இருந்தது. அவர்கள் அசையவில்லை. கட்டாயமாகக் காணியைச் சுவீகரிக்க 2014 இல் அரசாங்கம் அனுமதி கொடுத்தது. குடும்பம் உயர் நீதிமன்றம் வரை போய், 2015 பெப்ரவரியில் தோற்று, மார்ச்சில் வெளியேறச் சம்மதித்தது. பெரிய முதலாளிக்கும் சின்ன முதலாளிக்கும் நடுவே காணிப் பிரச்சினை வந்தால் காலம் எப்படிக் கரையும் என்பது நமக்குப் புதிதல்ல.

கட்டும் வேலையைக் கெட்டித்தனமாகவே தொடங்கினார்கள். பழைய மைதானத்தில் ஆட்டம் நடந்து கொண்டிருக்கும்போதே ஒரு மூலையை உடைத்துப் பக்கத்தில் புதியதை எழுப்பினார்கள். 2017 மே 14 ஆம் திகதி மன்செஸ்டர் யுனைட்டட் அணியை இரண்டுக்கு ஒன்று என்று வென்று பழைய மைதானத்துக்கு விடை கொடுத்தார்கள். மிகுதியையும் இடித்தார்கள். ஒரு வருடத்துக்கு மட்டும் வெம்ப்லி மைதானத்தை வாடகைக்கு எடுத்தார்கள்.

ஒரு திகதி தவறியது

என் சகோதரியின் மகன் லண்டனில் வேலை செய்கிறார். இந்தக் கழகத்தின் பைத்தியம் என்றே சொல்ல வேண்டும். சீசன் டிக்கட் வைத்திருப்பவர். சீசன் என்றால் நமக்கு ரயில் சீசன்தான் ஞாபகம் வரும். அங்கே அது ஒரு வருடத்து ஆட்டங்கள் அனைத்துக்கும் முன்கூட்டியே பணம் கட்டி ஓர் ஆசனத்தைப் பிடித்து வைப்பது. புதிய மைதானத்தில் தனக்குரிய ஆசனத்தை அவர் வரைபடத்தில் பார்த்தே தெரிவு செய்திருந்தார். லீவு நாட்களில் அந்தப் பக்கம் போய், கிரேன்கள் இரும்பு தூக்குவதைப் பார்த்துவிட்டு வருவாராம். அவரைப் போல அங்கே நின்று பார்த்தவர்கள் பலராம்.

2018 செப்டெம்பர் 15 இல் லிவர்பூல் அணியுடன் முதல் ஆட்டம் என்று கழகம் அறிவித்திருந்தது. ஆனால் ஓகஸ்ட் 13 ஆம் திகதி, அதாவது ஒரு மாதம் மட்டும் இருக்கும்போது, முக்கியமான பாதுகாப்பு அமைப்புகளில் கோளாறு உள்ளது, ஆகவே திறப்பு பிந்தும் என்றார்கள். ஒக்டோபரில் அங்கு நடக்கவிருந்த அமெரிக்க உதைபந்தாட்டப் போட்டியும் வெம்ப்லிக்கு மாற்றப்பட்டது. "மாமா, சீட் நம்பர் கையில் இருக்கு, சீட்டுக்குப் போக வழியில்லை" என்று மருமகன் தொலைபேசியில் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது.

பிறகு வருட முடிவுக்குள் என்றார்கள். அதுவும் நடக்கவில்லை. கடைசியில் கதவு திறந்தது 2019 ஏப்ரல் 3 ஆம் திகதி. முதலில் சொன்ன நாளிலிருந்து ஆறரை மாதங்கள்.

இந்த இடைவெளியில் வாடிக்கையாளருக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். 2018 பெப்ரவரியில் ஆர்சனல் அணியுடன் வெம்ப்லியில் ஆடியபோது 83,222 பேர் வந்தார்கள். இங்கிலாந்து பிரிமியர் லீக்கில் அது சாதனை. அதே மைதானம், அதே கழகம். 2019 ஜனவரி 30 இல் வட்ஃபர்ட் அணியுடன் ஆடியபோது வந்தவர்கள் 29,164 பேர். குளிர்கால வார நாள், எதிரணியும் சிறியது என்பது உண்மைதான். ஆனால் காத்திருந்து களைத்துப் போனவர்களும் அந்த வெற்று ஆசனங்களுக்குள் இருந்தார்கள். மருமகன் அன்றைக்குப் போகவில்லை. "எங்கட வீடு இல்லையே மாமா" என்றார்.

கட்டி முடிவது வேறு, திறப்பது வேறு

நம்மில் பலர் தவறு விடுவது இந்த இடத்தில்தான். கூரை போட்டு, பெயின்ட் அடித்து, பெயர்ப்பலகை மாட்டினால் கட்டடம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அந்த மைதானமும் முடிந்தது போலத்தான் தெரிந்தது. ஆனால் அறுபதாயிரம் பேர் கூடும் இடத்தில் தீப்பிடித்தால் அலாரம் அடிக்க வேண்டும், ஒலிபெருக்கி பேச வேண்டும், மின்சாரம் போனால் அவசர விளக்கு எரிய வேண்டும். இவையெல்லாம் சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் ஓடும் வயர்கள். கண்ணுக்குத் தெரியாத வேலைதான் கடைசியில் கதவை அடைத்து வைத்தது.

இங்கிலாந்தில் 1975 ஆம் ஆண்டின் சட்டப்படி, பெரிய மைதானத்துக்கு உள்ளூராட்சி சபை பாதுகாப்புச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். ஹரிங்கே சபை முதலில் பரீட்சார்த்த ஆட்டங்களைக் கேட்டது. மார்ச் 24 இல் 18 வயதுக்குட்பட்டோரின் ஆட்டம். அதற்கு 28,000 பேருக்கு மேல். மார்ச் 30 இல் பழைய வீரர்களின் ஆட்டம், அதற்கு இன்னும் பெரிய கூட்டம். கதவு, படிக்கட்டு, மலசலகூடம், உணவுக் கடை அனைத்தும் ஓடிப் பார்த்து, குறைகளைத் திருத்திய பின்னர்தான் முதல் போட்டி.

இதில் கழகத்தைப் பாராட்டவும் வேண்டும். திகதி போனது, கேலி வந்தது, பணம் போனது. ஆனால் பாதுகாப்பு சரியில்லாத கட்டடத்துக்குள் ஆட்களை ஏற்றவில்லை. சொன்ன திகதியைக் காப்பாற்றுவதற்காக அரைகுறையாகத் திறந்து ஓர் ஆபத்து நடந்திருந்தால் அந்தப் பெயரை எந்தப் பணத்தாலும் மீட்க முடியாது.

கடன் காத்திருக்காது

பணப் பக்கத்தைப் பார்ப்போம். வட்டியின் மார்க்கத் தீர்ப்பைப் பற்றிப் பேச நான் ஆளல்ல. கணக்கை மட்டும் சொல்கிறேன். 2017 இல் மூன்று வங்கிகளிடமிருந்து 40 கோடி பவுண் கடன் ஏற்பாடு செய்தார்கள். செலவு ஏற ஏற அது 63.7 கோடி பவுணாக உயர்ந்தது. மொத்தச் செலவு நூறு கோடி பவுணை எட்டியது. 2018 கோடைகாலத்திலும் 2019 ஜனவரியிலும் கழகம் ஒரு புதிய வீரரைக்கூட வாங்கவில்லை. கடையைக் கட்டும் காலத்தில் சரக்கு வாங்கக் கை வராது என்பதை நாம் அறிவோம். அங்கேயும் அதுதான் காரணம் என்று இரசிகர்கள் பேசிக் கொண்டார்கள்.

திறந்த பின்பு 2019 செப்டெம்பரில் 52.5 கோடி பவுணை 15 முதல் 30 வருடங்களில் திருப்பிச் செலுத்தும் நீண்டகாலக் கடனாக மாற்றினார்கள். இதில் பாடம் இருக்கிறது. முப்பது வருடம் உழைக்கப் போகும் கட்டடத்துக்கு மூன்று மாத, ஆறு மாதப் பணத்தைப் போடக்கூடாது. அடுத்த மார்ச்சிலேயே கொரோனா வந்து மைதானம் வெறிச்சோடியது. குறுகிய காலக் கடன் தலையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள்.

தெருவோரக் கடைகள்

இரசிகர்களைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதின. எனக்கு ஞாபகம் வந்தது அந்த மைதானத்தை ஒட்டிய பெருந்தெருவின் சிறு கடைக்காரர்கள்தான். கபாப் கடை, தேநீர்க் கடை, சில்லறைக் கடை என்று எத்தனையோ பேர். ஆட்ட நாளில் ஆயிரக்கணக்கானோர் அந்தத் தெருவால் நடந்து போவார்கள். 2017 மே முதல் 2019 ஏப்ரல் வரை, கிட்டத்தட்ட இரண்டு வருடங்கள், அந்தக் கூட்டம் வெம்ப்லிக்குப் போனது. கடை வாடகை வெம்ப்லிக்குப் போகவில்லை. ஒரு வருடத்துக்கென்று பல்லைக் கடித்துக் கொண்டிருந்தவனுக்கு, மேலும் ஆறரை மாதம் என்பது எவ்வளவு நீளம் என்று கடை வைத்திருப்பவனுக்குத்தான் தெரியும்.

மைதானம் திறந்தபோது அதற்குள்ளேயே அறுபதுக்கு மேற்பட்ட உணவு, பானக் கடைகள் இருந்தன. வெளியில் சாப்பிட்டு வந்தவரை உள்ளே சாப்பிட வைக்கும் ஏற்பாடு இது. காசுத்தாள் செல்லாது, அட்டைதான் என்றும் அறிவித்தார்கள். பெரிய இடம் ஒன்று பக்கத்தில் வருகிறது, நமக்கும் வியாபாரம் கூடும் என்று நம்பியிருப்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

என் கடைக் கதை

இவ்வளவும் சொன்ன நான் ஒரு காலத்தில் என்ன செய்தேன் தெரியுமா? 2003 இல் எனது புடவைக் கடையை இடித்துப் பெரிதாகக் கட்டினேன். நோன்புக்குப் பத்து நாள் முன்னர் திறப்பதென்று நானே திகதி குறித்து, ஆயிரம் அட்டை அச்சடித்தேன். மேசன் பாஸிடமோ வயரிங் பாஸிடமோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெருநாள் வியாபாரத்தை நம்பிப் புறக்கோட்டையில் கடனுக்குச் சரக்கெடுத்து, நோன்பு மாதத்துக்குள் திகதியிட்ட காசோலைகளைக் கொடுத்தேன்.

கடை திறந்தது பெருநாள் கழிந்து ஐந்தாம் நாள். சரக்கு வீட்டு மண்டபத்தில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. காசோலைகளுக்கு எனது திறப்பு விழாவைப் பற்றிக் கவலையில்லை. அவை உரிய திகதியில் வங்கிக்குப் போயின. மனைவியின் நகையை வைத்து மூன்றை மீட்டேன். இரண்டு திரும்பின. பத்து வருடமாகக் கணக்குக் கேட்காமல் கடன் தந்த மனிதர் அடுத்த முறை என்னிடம் கைக்காசு கேட்டார். அவர் கோபப்படவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. நகை இரண்டு வருடத்தில் திரும்பி வந்தது. அவருடைய பழைய நம்பிக்கை வருவதற்கு அதைவிட நாள் எடுத்தது.

திகதி குறிப்பவர்களுக்கு

ஆகவே கடை திறக்க இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள்.

திகதியை முதலாளி குறிக்கக்கூடாது. வேலை முடிந்ததும் அதுவாக வரும். மின்சாரமும் சான்றிதழும் கைக்கு வந்த பின்னரே அட்டை அச்சடியுங்கள்.

காசோலையின் திகதியைத் திறப்புத் திகதியோடு கட்டாதீர்கள். இரண்டு மாதமாவது இடைவெளி விடுங்கள். சரக்குப் பணத்தைச் சீமெந்துக்குப் போடாதீர்கள்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்னர் சொந்தக்காரர்களையும் அயலவரையும் அழைத்துச் சின்னதாக ஓடிப் பாருங்கள். பில் மெஷின் எங்கே சிக்கும், மின்விசிறி எங்கே நிற்கும் என்பது அன்றைக்குத் தெரிந்தால் நல்லது.

திகதி தவறப் போகிறது என்று தெரிந்தால் உடனே சொல்லுங்கள். சொல்லும் புதிய திகதி கட்டாயம் நடக்கக்கூடியதாக இருக்கட்டும். முதல் தவணையை மனிதர்கள் மன்னிப்பார்கள். இரண்டாவது தவணையில்தான் ஆளை எடை போடுவார்கள்.

அந்த 2019 ஏப்ரல் 3 ஆம் திகதி, கிறிஸ்டல் பலஸ் அணியுடனான ஆட்டத்துக்கு 59,000 பேருக்கு மேல் வந்தார்கள். இரண்டாம் பாதியில் தென்கொரிய வீரர் சொன் ஹியுங் மின் முதல் கோலை அடித்தார். இரண்டுக்குப் பூச்சியம் என்று வெற்றி. மருமகன் தன் ஆசனத்தில் உட்காரவே இல்லையாம், முழுநேரமும் நின்றே பார்த்தாராம். நல்ல சரக்கும் பழைய உறவும் இருந்ததால் அவர்களுடைய வாடிக்கையாளர் காத்திருந்து திரும்பி வந்தார். நூற்று முப்பது வருடங்களுக்கு மேற்பட்ட பெயருள்ள கழகத்துக்கு அது சரி. நேற்றுத் தொடங்கும் கடைக்கு அத்தனை நாள் யார் காத்திருப்பார்?

நண்பரின் மகன் தேநீரைக் குடித்துவிட்டு, தான் கொடுத்த அட்டையைத் திருப்பிக் கேட்டார். கொடுத்தேன். மிச்ச அட்டைகள் எங்கே என்று கேட்டேன். காரின் டிக்கியில் இருக்கின்றன, இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்றார். சென்ற வாரம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். வயரிங் பாஸ் ஏணியில் நிற்கிறார். கடை வாசலில் திகதி எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.