கொலஸ்ட்ரால், ஸ்பிங்கோலிப்பிடு ஒளிர் துலக்கிகள்

ஒளிர் துலக்கிகள் என்பவை, ஒரு குறிப்பிட்ட பொருள் செல்லில் எங்கே உள்ளது, எவ்வாறு நகர்கிறது என்பதை ஒளியால் காட்டிக்கொடுக்கும் மூலக்கூறுகள் ஆகும். செல் சவ்வில் உள்ள கொலஸ்ட்ரால், ஸ்பிங்கோலிப்பிடு என்னும் இருவகைக் கொழுப்புப் பொருள்களை ஆராய இவை பெரிதும் பயன்படுகின்றன. ஐதராபாத்திலும் பெங்களூருவிலும் உள்ள ஆய்வகங்கள் இத்துறையில் முக்கியப் பங்காற்றியுள்ளன. நாம் காணும் ஒளி கொழுப்பின் இயல்பைக் காட்டுகிறதா, துலக்கியின் இயல்பைக் காட்டுகிறதா என்பதே இத்துறையில் எப்போதும் கேட்கப்படும் கேள்வி.

சவ்வில் இவ்விரு கொழுப்புகளின் இடம்

செல் சவ்வு பாஸ்போலிப்பிடுகளாலான இரட்டை அடுக்கு. அதன் தடிமன் ஏறத்தாழ 4 முதல் 5 நானோமீட்டர். 1972-இல் சிங்கர், நிக்கல்சன் ஆகியோர் வெளியிட்ட பாய்ம மொசைக் மாதிரியைப் பள்ளிப் பாடநூல்களில் படித்திருப்போம். கொழுப்பாலான கடலில் புரதங்கள் மிதப்பது போன்ற படம் அது.

அந்தக் கடலில் எல்லாக் கொழுப்புகளும் ஒரே மாதிரியானவை அல்ல. விலங்குச் செல்லின் வெளிச்சவ்வில் உள்ள கொழுப்பு மூலக்கூறுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கொலஸ்ட்ரால் ஆகும். இரத்தப் பரிசோதனை அறிக்கையில் பார்த்து அஞ்சும் அதே பொருள்தான் இது. ஆனால் இது இல்லாமல் விலங்குச் செல் வாழ இயலாது.

ஸ்பிங்கோலிப்பிடுகள் ஸ்பிங்கோசின் என்னும் மூலக்கூறை அடிப்படையாகக் கொண்டவை. மூளையின் வேதியியலை ஆராய்ந்த துடிக்கும் என்பவர் 1884-இல் இப்பெயரை இட்டார். அதன் இயல்பு விடுகதை போல இருந்ததால், கிரேக்கக் கதையில் விடுகதை போடும் ஸ்பிங்ஸ் என்ற உருவத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்தார். ஸ்பிங்கோமையலின், செராமைடு, கேங்லியோசைடு ஆகியவை இக்குடும்பத்தைச் சேர்ந்தவை.

ஸ்பிங்கோலிப்பிடுகளின் வால்கள் பெரும்பாலும் நேரானவை. அவற்றுக்கு இடையே கொலஸ்ட்ரால் நன்கு பொருந்திக்கொள்வதால், இவை சேருமிடத்தில் சவ்வு சற்று இறுக்கமாகிறது. இத்தகைய பகுதிகள் தெப்பங்களைப் போல மிதந்து, சில புரதங்களை ஒன்றுசேர்க்கின்றன என்ற கருத்தை 1997-இல் சைமன்ஸ், இக்கோனன் ஆகியோர் விரிவாக முன்வைத்தனர். இவை லிப்பிடு தெப்பங்கள் எனப்படுகின்றன.

தெப்பத்தைக் காண்பதில் உள்ள சிக்கல்

தொடக்கத்தில் தெப்பங்களைப் பிரித்தெடுக்க, செல்லை 4 பாகை செல்சியசில் டிரைட்டான் என்னும் சலவைப்பொருளில் கரைத்தனர். கரையாமல் எஞ்சியதே தெப்பம் என்றனர். ஆனால் குளிரும் சலவைப்பொருளும் சேர்ந்து, இல்லாத தெப்பத்தை உண்டாக்கிவிடக்கூடும் என்ற எதிர்ப்பு எழுந்தது. எனவே செல்லைச் சிதைக்காமல் பார்க்கும் வழி தேவைப்பட்டது.

சாதாரண ஒளி நுண்ணோக்கியால் ஏறத்தாழ 200 நானோமீட்டருக்குக் குறைவான இடைவெளியைப் பிரித்துக் காட்ட முடியாது. தெப்பங்களின் அளவோ 10 முதல் 200 நானோமீட்டர் வரை என 2006-இல் ஆய்வாளர்கள் வரையறுத்தனர். கொழுப்பு மூலக்கூறுகள் நிறமற்றவை என்பது மற்றொரு இடர். இவ்விரு தடைகளையும் கடக்கவே ஒளிர் துலக்கிகள் உதவுகின்றன.

ஒளிர்வு என்பது

சில மூலக்கூறுகள் குறைந்த அலைநீள ஒளியை உட்கவர்ந்து, மிகக் குறுகிய நேரத்தில் அதிக அலைநீள ஒளியை வெளிவிடுகின்றன. இதுவே ஒளிர்வு. 1852-இல் ஸ்டோக்ஸ் இதனை விளக்கினார். வங்கியில் புற ஊதா விளக்கின் கீழ் ரூபாய் நோட்டின் எண் ஒளிர்வதும், திருப்பூர்ப் பனியன் துணியில் சேர்க்கப்படும் வெண்மையூட்டிகள் துணியைப் பளிச்சென்று காட்டுவதும் இதே நிகழ்வுதான். உட்புகும் ஒளியும் வெளிவரும் ஒளியும் வேறு நிறமாக இருப்பதால், வடிகட்டியைக் கொண்டு முதலாவதை நீக்கிவிட்டு, இருண்ட பின்னணியில் துலக்கியை மட்டும் காணலாம்.

துலக்கிகளின் வகைகள்

1. இயல்பாகவே ஒளிர்பவை

டீஹைட்ரோஎர்கோஸ்டெரால் என்பது ஈஸ்ட்டில் காணப்படும் ஒரு ஸ்டெரால். கொலஸ்ட்ராலைப் போன்ற வடிவம் கொண்ட இதன் வளையங்களில் கூடுதலாக உள்ள இரட்டைப் பிணைப்புகள் இதனை ஒளிரச் செய்கின்றன. வெளியிலிருந்து சாயம் எதுவும் இணைக்கப்படாததால், இது கொலஸ்ட்ராலை ஒத்தே நடந்துகொள்கிறது. ஆனால் ஏறத்தாழ 325 நானோமீட்டரில் ஒளியை உட்கவர்ந்து 375 நானோமீட்டரில் ஒளிர்வதால், இரண்டுமே புற ஊதாப் பகுதியில் அமைகின்றன. ஒளிர்வும் மங்கலானது, விரைவில் வெளுத்துவிடும். இதனைக் காணச் சிறப்பு ஆடிகள் பொருத்திய நுண்ணோக்கி வேண்டும்.

2. சாயம் இணைக்கப்பட்டவை

என்.பி.டி., போடிபை போன்ற சாயங்களைக் கொழுப்பு மூலக்கூறுடன் வேதிமுறையில் இணைத்து இவை தயாரிக்கப்படுகின்றன. இவை கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பிரகாசமாக ஒளிர்கின்றன. 1980-களில் பகானோ குழுவினர், என்.பி.டி. இணைத்த செராமைடு உயிருள்ள செல்லின் கோல்கை உறுப்பில் சென்று சேர்வதைக் காட்டினர். அங்கே அது ஸ்பிங்கோமையலினாகவும் வேறு பொருளாகவும் மாற்றப்பட்டு வெளிச்சவ்வுக்கு அனுப்பப்படுகிறது. செல் தன் கொழுப்பை எங்கே தயாரித்து எங்கே அனுப்புகிறது என்பதை இவ்வாறு நேரில் பின்தொடர முடிந்தது. போடிபை செராமைடு செறிவு குறைவான இடத்தில் பச்சையாகவும், செறிவு மிகுந்த இடத்தில் சிவப்பாகவும் ஒளிரும்.

இவ்வகையின் குறை, சாயத்தின் அளவு. கொலஸ்ட்ரால் சிறிய மூலக்கூறு. அதனுடன் சாயத்தைச் சேர்ப்பது, நடந்து செல்பவரின் முதுகில் மூட்டையை ஏற்றுவது போன்றது. என்.பி.டி. இணைத்த கொலஸ்ட்ரால் பல மாதிரிச் சவ்வுகளில், உண்மைக் கொலஸ்ட்ரால் விரும்பும் இறுக்கமான பகுதியை விட்டு, தளர்வான பகுதிக்கே செல்கிறது.

3. கொழுப்பைத் தேடிப் பற்றுபவை

பிலிப்பின் என்பது 1955-இல் பிலிப்பைன்ஸ் நாட்டு மண்ணிலிருந்து எடுத்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிரியில் கண்டறியப்பட்ட பொருள். கொலஸ்ட்ராலின் ஹைட்ராக்சில் தொகுதி கட்டற்று இருந்தால் மட்டுமே இது அதனைப் பற்றி, நீல நிறத்தில் ஒளிரும். சவ்வைக் குலைத்துவிடுவதால் உயிருள்ள செல்லில் இதனைப் பயன்படுத்த முடியாது. நிலைப்படுத்திய செல்லுக்கே பொருந்தும்.

லைசெனின் என்பது மண்புழு உரத் தொட்டிகளில் வளர்க்கப்படும் ஐசீனியா ஃபெட்டிடா என்னும் மண்புழுவின் உடற்குழித் திரவத்தில் உள்ள புரதம். இது ஸ்பிங்கோமையலினைத் தேர்ந்து பற்றும். குறிப்பாக அம்மூலக்கூறுகள் கூட்டமாக உள்ள இடத்தில் நன்கு ஒட்டும். முழுப் புரதம் சவ்வில் துளையிடும் நச்சு ஆகையால், பற்றும் பகுதியை மட்டும் பிரித்து ஒளிர் புரதத்துடன் இணைத்துப் பயன்படுத்துகின்றனர். கொலஸ்ட்ராலுக்கு, குளோஸ்டிரிடியம் பெர்பிரிஞ்சென்ஸ் பாக்டீரியாவின் பெர்பிரிங்கோலைசின் நச்சின் நான்காம் பகுதி இவ்வாறே பயன்படுகிறது. கொலஸ்ட்ரால் ஓர் அளவைத் தாண்டிய சவ்வில் மட்டுமே இது ஒட்டும். ஆகவே ஒளி தெரியாத இடத்தில் கொலஸ்ட்ராலே இல்லை என்று முடிவு செய்யக் கூடாது.

காலரா நச்சு, ஜி.எம்.1 என்னும் கேங்லியோசைடைப் பற்றும். காலராவுக்குக் காரணம் பாக்டீரியா வெளிவிடும் நச்சு என்பதை 1959-இல் கொல்கத்தாவின் சம்புநாத் டே நிறுவினார். நோய் உண்டாக்காத அதன் பி துணை அலகு இன்று தெப்ப ஆய்வுகளில் பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் அதற்கு ஐந்து கைகள் உண்டு. ஒரே நேரத்தில் ஐந்து ஜி.எம்.1 மூலக்கூறுகளைப் பிடித்து அருகருகே கொண்டுவர அதனால் முடியும். அப்போது நாம் காணும் கூட்டம் செல்லில் முன்பே இருந்ததா, நச்சு சேர்த்ததா என்ற ஐயம் எழுகிறது.

4. சூழலை உணர்பவை

லார்டான் எந்தக் கொழுப்பையும் குறிப்பாகப் பற்றுவதில்லை. சவ்வுக்குள் புகுந்து அங்குள்ள நெருக்கத்தைச் சொல்லும். இறுக்கமான சவ்வில் நீர் மூலக்கூறுகள் குறைவாக நுழைவதால் 440 நானோமீட்டர் அளவிலும், தளர்ந்த சவ்வில் 490 நானோமீட்டர் அளவிலும் ஒளிரும். இவ்விரு ஒளிச்செறிவுகளின் வேறுபாட்டை அவற்றின் கூடுதலால் வகுத்தால் சவ்வின் ஒழுங்கைக் குறிக்கும் எண் கிடைக்கிறது.

இந்திய ஆய்வுகள்

ஐதராபாத்

அமிதாப சட்டோபாத்தியாய், அமெரிக்காவில் எர்வின் லண்டனுடன் இணைந்து 1987-இல் ஒரு முறையை வெளியிட்டார். ஒளிர்வை அணைக்கும் மூலக்கூறுகளைச் சவ்வில் இரு வேறு ஆழங்களில் வைத்து, ஒளிர்வு எவ்வளவு குறைகிறது என்று ஒப்பிட்டு, சாயம் இருக்கும் ஆழத்தைக் கணக்கிடும் முறை அது. விண்மீன்களின் தொலைவை அளக்கும் இடமாறு தோற்றமுறையின் பெயரே இதற்கும் இடப்பட்டது. கொழுப்பின் வால் நுனியில் இணைத்த என்.பி.டி. சாயம் சவ்வின் நடுவில் தங்காமல் வளைந்து மேற்பரப்புக்கு வந்துவிடுகிறது என்பது இம்முறையால் தெளிவாயிற்று. வால் நுனியில் கட்டிய விளக்கு வால் இருக்கும் இடத்தைக் காட்டவில்லை.

பின்னர் ஐதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் அவர் குழு, என்.பி.டி. கொலஸ்ட்ராலின் ஒளிர்வுப் பண்புகளை அளந்து, மிகக் குறைந்த செறிவிலும் அம்மூலக்கூறுகள் இணையாகச் சேரக்கூடும் என 1996-இல் கூறியது. அதே குழு செரட்டோனின் 1ஏ ஏற்பியையும் ஆராய்ந்தது. மாட்டு மூளையின் ஹிப்போகேம்பஸ் சவ்விலிருந்து கொலஸ்ட்ராலை நீக்கியபோது, ஏற்பி தன் பொருளைப் பற்றும் திறன் குறைந்தது. கொலஸ்ட்ராலைத் திரும்பச் சேர்த்தபோது திறன் பெருமளவு மீண்டது. மக்காச்சோளத்தில் வளரும் ஒரு பூஞ்சையின் நச்சான பியூமோனிசினைக் கொண்டு ஸ்பிங்கோலிப்பிடு உற்பத்தியைத் தடுத்தபோதும் ஏற்பியின் செயல் குன்றியதை 2010-இல் காட்டினர். மனநிலையோடு தொடர்புடைய ஏற்பி ஒன்று தன்னைச் சூழ்ந்த கொழுப்பைச் சார்ந்திருப்பது இதனால் தெரிந்தது.

பெங்களூரு

தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் ரஜத் வர்மா, சத்யஜித் மேயர் ஆகியோர் 1998-இல், ஜி.பி.ஐ. நங்கூரம் கொண்ட புரதங்களை உயிருள்ள செல்லில் ஆராய்ந்தனர். ஒரே தளத்தில் அதிரும் ஒளியைச் சாயத்தின் மீது செலுத்தினால், தனித்திருக்கும் சாயம் பெரும்பாலும் அத்தளத்திலேயே ஒளியை வெளிவிடும். சில நானோமீட்டர் அருகில் அதே சாயம் இன்னொன்று இருந்தால், ஆற்றல் அதற்குத் தாவி, ஒளியின் தளம் குலையும். இக்குலைவை அளந்து, அப்புரதங்கள் 70 நானோமீட்டருக்கும் குறைவான பகுதிகளில் சேர்ந்திருப்பதாகக் கண்டனர். கொலஸ்ட்ராலைக் குறைத்ததும் இச்சேர்க்கை மறைந்தது. நுண்ணோக்கியால் படம் பிடிக்க முடியாத ஒன்றை ஒளியின் தளத்தை அளந்தே அறிந்தது இதன் சிறப்பு.

2009-இல் ஜெர்மனியில் எக்லிங், ஹெல் குழுவினர் மீநுண் பகுப்பு நுண்ணோக்கியால், ஸ்பிங்கோலிப்பிடுகள் 20 நானோமீட்டருக்கும் குறைவான இடங்களில் சில மில்லி விநாடிகள் மட்டும் சிக்கி நிற்பதைக் காட்டினர். தெப்பம் என்பது நிலையான மரத்துண்டு அல்ல. சேர்ந்து கலையும் சிறு கூட்டம் என்ற கருத்து வலுப்பெற்றது.

மருத்துவப் பயன்

நீமன்-பிக் சி வகை நோய் ஒரு மரபுநோய். இதில் கொலஸ்ட்ரால் வெளியேற வழியின்றிச் செல்லின் லைசோசோம்களில் தேங்குகிறது. குழந்தைகளின் நரம்பு மண்டலம் படிப்படியாகப் பாதிக்கப்படும். தோலிலிருந்து வளர்த்த செல்களில் பிலிப்பினை இட்டுப் பார்த்தால், உட்கருவைச் சுற்றி நீலப் புள்ளிகள் அடர்ந்து தெரியும். பல ஆண்டுகள் இதுவே முதன்மைச் சோதனையாக இருந்தது. ஆனால் சிலரின் செல்களில் படம் தெளிவாக அமைவதில்லை. அதனால் இன்று மரபணுச் சோதனையும் இரத்தச் சோதனையும் முன்னிடம் பெற்றுள்ளன. துலக்கியின் வரம்பை அறியாமல் அதன் ஒளியை மட்டும் நம்பினால், ஒரு குழந்தையின் நோயே தவறவிடப்படலாம்.

துலக்கியை மதிப்பிடும் முறை

ஒரு துலக்கி தரும் முடிவை ஏற்கும் முன் ஆய்வாளர்கள் பொதுவாகப் பின்வருவனவற்றைப் பார்க்கின்றனர்.

• மிகக் குறைந்த அளவு துலக்கியிலும் அதே முடிவு கிடைக்கிறதா?
• வேறு வகைத் துலக்கி ஒன்றும் அதையே காட்டுகிறதா?
• கொலஸ்ட்ராலை அல்லது ஸ்பிங்கோலிப்பிடை நீக்கினால் ஒளி மாறுகிறதா? திரும்பச் சேர்த்தால் பழைய நிலை வருகிறதா?
• சாயத்தை மட்டும் தனியே இட்டால் என்ன தெரிகிறது?
• துலக்கி செல்லுக்குள் வேறு பொருளாக மாற்றப்பட்டுவிட்டதா?

இக்கேள்விகள் அனைத்துக்கும் நிறைவாக விடைதரும் ஒரே துலக்கி இதுவரை இல்லை. கொலஸ்ட்ராலை நன்கு ஒத்திருக்கும் டீஹைட்ரோஎர்கோஸ்டெரால் மங்கலானது. பிரகாசமான போடிபை, கொலஸ்ட்ராலின் வடிவத்தை மாற்றிவிடுகிறது. எனவே இரண்டு அல்லது மூன்று வகைத் துலக்கிகளைச் சேர்த்துப் பயன்படுத்தி, அவை ஒத்துச் சொல்வதை மட்டும் முடிவாகக் கொள்வதே இன்றைய வழக்கமாக உள்ளது.