பௌதிகவியல் விரிவுரையும் கணனித் திரையும்

தம்பிலுவில், திருக்கோவில் தொடக்கம் கல்முனை, மருதமுனை வரையான கரையோரப் பாடசாலைகளிலிருந்து விஞ்ஞானப் பிரிவில் பல்கலைக்கழகம் புகும் மாணவர்கள் இரட்டைச் சுமையைச் சுமக்கின்றனர். உயர்தரத்தில் ஆர்முடுகல், உந்தம், சடத்துவம் எனத் தமிழில் கற்ற பௌதிகவியலை முதலாம் வருடத்திலேயே ஆங்கிலத்தில் கேட்க வேண்டியுள்ளது. பாடமும் அதே வேளையில் கடினமாகின்றது. விரிவுரையாளரின் வாக்கியத்தை மனதுக்குள் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அடுத்த சமன்பாடு பலகையில் ஏறிவிடுகின்றது. 1996இல் பல்கலைக்கழகமாகத் தரமுயர்த்தப்பட்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் அருகே சம்மாந்துறையில்தான் அமைந்துள்ளது. எனினும், பயணத் தூரம் குறைந்த அளவுக்கு இந்த இடைவெளி குறைந்துவிடவில்லை.

போதனைக் காணொளிகளும் கணனி உருவகங்களும் இவ்விடைவெளியை நிரப்புமா என்பதே இங்கு எழும் வினா. காணொளியை நிறுத்தலாம், மீண்டும் பார்க்கலாம். இந்திய தொழில்நுட்பக் கழகங்கள் 2003இல் ஆரம்பித்த இணைய விரிவுரைத் திட்டத்தின் பாடங்களை எமது மாணவர்களும் இலவசமாகப் பார்க்க முடியும். 2020இல் கொரோனாத் தொற்றினால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது நாடு முழுவதும் விரிவுரைகள் திரைக்கு மாறின. அதன் பின்னர் காணொளி எவருக்கும் புதுமையாக இல்லை.

ஆயினும் தெளிவான காணொளி என்றால் நல்ல கற்றல் என்று கொள்வது தவறு. அவுஸ்திரேலியாவின் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் டெரெக் முல்லர் 2008இல் நிறைவு செய்த கலாநிதிப் பட்ட ஆய்வு இதனை எடுத்துக் காட்டியது. சரியான விளக்கத்தை மட்டும் தந்த காணொளியை மாணவர்கள் ‘மிகத் தெளிவு’ என்றனர். ஆனால் அவர்களது விளக்கம் பெரிதாக முன்னேறவில்லை. மாணவரின் வழமையான தவறான எண்ணத்தை முதலில் பேசவிட்டுப் பின்னர் திருத்திய காணொளி குழப்பமாகத் தோன்றியது. கற்றலோ அதிலேதான் கூடியது. மேலே எறியப்பட்ட பந்தில், கையை விட்ட பின்னரும் மேல்நோக்கிய விசை ஒன்று இருப்பதாகவே பலர் நம்புகின்றனர். அந்த நம்பிக்கையைத் தொடாத விளக்கத்தை அவர்கள் தமக்குத் தெரிந்ததாகவே கேட்டுக் கடந்துவிடுகின்றனர்.

ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் எரிக் மசூரும் சகாக்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வும் இதையே வேறு விதமாகச் சொல்கின்றது. வகுப்பில் செய்து காட்டப்பட்ட பரிசோதனையை வெறுமனே பார்த்த மாணவர்கள், பார்க்காதவர்களைவிட அதிகம் விளங்கிக் கொள்ளவில்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே எழுதிவிட்டுப் பார்த்தவர்களே பயனடைந்தனர். இதற்குத் தேவைப்படுவது ஓரிரு நிமிடங்கள் மட்டுமே.

உருவகத்தின் பலம் இங்கேதான் தெரிகின்றது. அதில் மாணவரே கணியங்களை மாற்றி விளைவைப் பார்க்கலாம். நோபல் பரிசு பெற்ற பௌதிகவியலாளர் கார்ல் வைமன் 2002இல் கொலராடோப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘ஃபெட்’ திட்டத்தின் உருவகங்கள் தமிழ் உட்படப் பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒருமுறை தரவிறக்கினால் இணைய இணைப்பும் தேவையில்லை. அதன் மின்சுற்று உருவகத்தில் இலத்திரன்கள் அசைவது கண்ணுக்குத் தெரியும். உண்மைச் சுற்றில் அது தெரியாது. உருவகத்தில் பயின்றவர்கள், உபகரணங்களில் பயின்றவர்களைவிட உண்மைச் சுற்றை அமைப்பதிலும் விளக்குவதிலும் முன்னின்றனர் என அங்கு 2005இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. முதலில் தமிழ்ப் பெயர்களுடனும் பின்னர் ஆங்கிலப் பெயர்களுடனும் அதே உருவகத்தை இயக்கும் மாணவருக்கு மொழிமாற்றம் பாதிச் சுமையாகிவிடும்.

இதைக் காட்டி ஆய்வுகூடங்களுக்கான நிதியைக் குறைக்க எவரும் முற்படலாகாது. திரையிலுள்ள ஊசல் ஒருபோதும் தள்ளாடுவதில்லை. அளவீட்டு வழுவையும், தளர்ந்த இணைப்பையும், இரண்டு தடவை அளந்தால் இரண்டு விடை வருவதையும் மாணவர் கற்பது உண்மையான மேசையில்தான்.

ஆனால் எந்த ஆய்வுகூடத்திலும் செய்ய முடியாத பரிசோதனைகளும் உண்டு. 2004 டிசம்பர் 26இல் இலங்கையில் மிக அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். கடலாழத்தையும் புவியீர்ப்பு ஆர்முடுகலையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் ஆழிப்பேரலையின் கதி கிடைக்கும். 4,000 மீற்றர் ஆழத்தில் அது செக்கனுக்கு ஏறத்தாழ 200 மீற்றர், அதாவது மணிக்கு 700 கிலோமீற்றருக்கும் அதிகம். 10 மீற்றர் ஆழத்தில் செக்கனுக்கு 10 மீற்றர் மட்டுமே. முன்னலை தாமதிக்க, பின்னால் வரும் நீர் நெருங்கி அலை உயர்கின்றது. சுமாத்திராவுக்கு அப்பால் எழுந்த அலை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் எமது கரையை அடைந்ததை, முதலாம் வருட மாணவர் ஒருவர் சில வரிக் கணனி நிரலால் தாமே கணித்துப் பார்க்க முடியும். நிரலை இயக்குமுன் விரிவுரையாளர் கேட்க வேண்டியது ஒன்றே: கரையை நெருங்கும்போது அலையின் கதி கூடுமா, குறையுமா?