பலகைக்கு வரி: பாதிப்பை அளப்பது யார்?

புது தில்லி: திருப்பதி மரம் என்றவுடன் தமிழக வாசகர்களின் நினைவுக்கு வருவது செம்மரம்தான். சேஷாசலம் வனப் பகுதியில் 2015-ம் ஆண்டு ஏப்ரல் 7-ம் தேதி ஆந்திர போலீஸாரின் துப்பாக்கிச்சூட்டில் தமிழகத் தொழிலாளர்கள் 20 பேர் உயிரிழந்ததை எளிதில் மறக்க இயலாது. அந்த மலைத்தொடருக்குக் கிழக்கே ஸ்ரீகாளஹஸ்தி வட்டாரத்தில் வேறொரு மரத்தின் கதை நடந்து வருகிறது. அதில் கோடரியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. தலைநகரின் நாடாளுமன்ற வீதியில் உள்ள ஓர் அரசு அலுவலகத்தின் கோப்புகளில் அதன் போக்கு முடிவாகிறது.

தொட்டம்பேடு மண்டலத்தில் 2018-ம் ஆண்டு ஜூலையில் எம்.டி.எஃப். எனப்படும் நார்ப்பலகை ஆலை ஒன்று உற்பத்தியைத் தொடங்கியது. ஆண்டுக்கு 3.60 லட்சம் கன மீட்டர் திறனுடன் கிரீன்பிளை நிறுவனம் நிறுவிய இந்த ஆலை, நிறுவனம் பிரிக்கப்பட்ட பின்னர் கிரீன்பேனல் வசம் வந்தது. அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 2022-ம் ஆண்டு ஏப்ரல் 4-ம் தேதி முதல் புதிய திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்ததாகிவிட்டது.

காட்டு மரம் இதற்குத் தேவையில்லை. தைலமரம், சவுக்கு, சூபாபுல் போன்று விவசாயிகள் தங்கள் நிலத்தில் வளர்க்கும் மரங்களைச் சிறு துண்டுகளாக்கி, நாராகப் பிரித்து, பிசினுடன் கலந்து, வெப்பத்தில் அழுத்தினால் பலகை கிடைக்கிறது. நீர்வளம் குறைந்த நிலங்களில் நெல்லையும் கடலையையும் விட்டுவிட்டு மரம் நட்டவர்களுக்கு இத்தகைய ஆலைகளே சந்தை. தைலமரத் தோப்பு வெட்டுக்கு வர 4 அல்லது 5 ஆண்டுகள் ஆகும். இன்று கன்று நடுபவர், ஐந்தாண்டுக்குப் பிந்தைய விலையை நம்பியே நடுகிறார்.

அந்த விலையைத் தீர்மானிப்பவற்றுள் ஒன்று வெளிநாட்டுப் பலகை.

பாதிப்பு என்றால் என்ன?

ஒரு நாட்டின் உற்பத்தியாளர், தம் உள்நாட்டுச் சந்தையில் விற்கும் விலையைவிடக் குறைந்த விலைக்கு இங்கே ஏற்றுமதி செய்தால் அது பொருள் குவிப்பு எனப்படுகிறது. ஆனால், குவிப்பு நடந்தது என்பது மட்டும் வரி விதிக்கப் போதாது. அதனால் உள்நாட்டுத் தொழிலுக்குக் கணிசமான பாதிப்பு ஏற்பட்டது அல்லது ஏற்படும் அபாயம் உள்ளது என்பதும், அதற்குக் காரணம் அந்த இறக்குமதியே என்பதும் மெய்ப்பிக்கப்பட வேண்டும். விற்பனை, லாபம், உற்பத்தித் திறன் பயன்பாடு, இருப்பு, வேலைவாய்ப்பு, ஊதியம் ஆகிய அனைத்தையும் ஆராயுமாறு 1995-ம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. தேவை குறைந்ததாலோ, உள்நாட்டு ஆலைகளின் போட்டியாலோ ஏற்பட்ட நஷ்டத்தை இறக்குமதியின் தலையில் கட்டக் கூடாது என்பதும் அவ்விதிகளில் உண்டு.

இந்த விசாரணையை நடத்துவது வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இயங்கும் வர்த்தகத் தீர்வுகள் தலைமை இயக்ககம். அதன் பணி பரிந்துரையுடன் முடிகிறது. வரி விதிக்கும் அதிகாரம் நிதியமைச்சகத்திடம் உள்ளது. விதிக்கப்படும் வரியின் ஆயுள் பொதுவாக 5 ஆண்டுகள். ஏறத்தாழ ஒரு தைலமரத் தோப்பின் ஆயுள்.

நார்ப்பலகை இவ்விசாரணைக்குப் புதிதல்ல. சீனா, மலேசியா, நியூசிலாந்து, தாய்லாந்து, இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து வந்த 6 மி.மீ. மற்றும் அதற்கு மேற்பட்ட தடிமன் கொண்ட பலகைகள் மீது 2009-ம் ஆண்டிலேயே வரி விதிக்கப்பட்டது. பின்னர் வியட்நாம், இந்தோனேசியா பலகைகளும், அதன் பிறகு 6 மி.மீ.க்குக் குறைவான மெல்லிய பலகைகளும் விசாரணை வளையத்துக்குள் வந்தன.

நீதிமன்றத்தின் எல்லை

இயக்ககத்தின் முடிவு தவறு என்று கருதுவோர் எங்கே செல்வது? சுங்கக் கட்டணச் சட்டத்தின் 9-சி பிரிவின்படி சுங்கம், கலால், சேவை வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை 90 நாள்களுக்குள் அணுகலாம். தலைவருடன் குறைந்தது இரு உறுப்பினர்கள் கொண்ட சிறப்பு அமர்வு அதை விசாரிக்கும்.

இம்முடிவுகளின் தன்மை குறித்து உச்ச நீதிமன்றம் இரு முக்கியத் தீர்ப்புகளை அளித்துள்ளது. 2006-ம் ஆண்டில் ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில், இந்த விசாரணை வெறும் நிர்வாகச் சடங்கு அல்ல, நீதிமன்றத் தன்மை கொண்டது என்று கூறப்பட்டது. தீர்ப்பை எழுதியவர், சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தவரான மார்க்கண்டேய கட்ஜு. 2011-ம் ஆண்டில் டயர் உற்பத்தியாளர்கள் சங்கம் தொடுத்த வழக்கிலோ, ஓர் அதிகாரி வாதங்களைக் கேட்டு, அவர் மாறிய பின் வந்த மற்றோர் அதிகாரி மீண்டும் கேட்காமலேயே முடிவெழுதியது இயற்கை நீதிக்கு முரணானது என்று கூறப்பட்டது. கேட்டவரே தீர்ப்பளிக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

பாதிப்பின் அளவை நீதிமன்றம் தராசு பிடித்து அளப்பதில்லை. அளந்தவர் எல்லோரையும் கேட்டாரா, சான்றுகளைக் கண்டாரா, காரணம் சொன்னாரா என்பதையே முதலில் பார்க்கிறது.

மறுப்புக்குக் காரணம் வேண்டாமா?

சிக்கல் தொடங்குவது இங்கேதான். 2020-ம் ஆண்டுக்குப் பின்னர், பல்வேறு பொருள்களில் இயக்ககம் வரி விதிக்கப் பரிந்துரைத்தும் நிதியமைச்சகம் அதை ஏற்காத நிகழ்வுகள் பெருகின. ஓராண்டுக்கு மேல் நடந்த விசாரணையின் முடிவு ஒரு குறிப்பாணையில் தள்ளப்பட்டது. 2021-ம் ஆண்டில் ஜுபிலன்ட் இன்கிரேவியா வழக்கில் தீர்ப்பாயம் இதில் தலையிட்டது. வரி விதிக்க மறுப்பதும் மேல்முறையீட்டுக்கு உரியதே, மறுக்கும்போது காரணம் கூற வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

மத்திய அரசு சட்டத்தையே திருத்தியது. 2023-ம் ஆண்டு நிதிச் சட்டம், 1995-ம் ஆண்டு ஜனவரி 1-ம் தேதி முதல் முன்தேதியிட்டு 9-சி பிரிவை மாற்றியமைத்தது. மேல்முறையீடு என்பது இயக்ககத்தின் முடிவுக்கு எதிராக மட்டுமே என்பது அதன் நோக்கம். நிதியமைச்சகத்தின் மறுப்பை எதிர்ப்பவருக்கு எஞ்சியிருப்பது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு.

அரசின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. வரி என்பது கொள்கை முடிவு. பலகை விலை உயர்ந்தால் அதைச் சுமப்பவர் அறைகலன் செய்யும் சிறு பட்டறைக்காரர். சென்னைத் துறைமுகம் வழியே வரும் பலகையை நம்பியிருக்கும் தச்சர்களும் வாக்காளர்களே. பொதுநலன் கருதி ஒரு பரிந்துரையை ஏற்காமல் இருக்க அரசுக்கு உரிமை உண்டு. ஆனால், அந்தப் பொதுநலன் எது என்பதை எழுத்தில் சொல்வதற்கு என்ன தடை?

அமெரிக்காவும் கனடாவும்

மரத்துக்காக நடந்த வர்த்தக வழக்குகளில் புகழ்பெற்றது அமெரிக்க - கனடா மென்மர வழக்கு. கனடா மரத்தால் அமெரிக்கத் தொழிலுக்குப் பாதிப்பு அபாயம் உள்ளது என்று அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையம் 2002-ம் ஆண்டு கூறியது. வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக உடன்பாட்டின் கீழ் அமைந்த இரு நாட்டுக் குழு, இதற்குப் போதிய சான்று இல்லை என்று மீண்டும் மீண்டும் திருப்பி அனுப்பியது. 2004-ம் ஆண்டு செப்டம்பரில் ஆணையம் தன் கருத்தை மாற்றிக்கொள்ளாமலேயே, குழுவின் உத்தரவுக்குப் பணிந்து, அபாயம் இல்லை என்று பதிவு செய்தது. 2006-ம் ஆண்டு உடன்பாட்டில், வசூலான சுமார் 500 கோடி டாலரில் ஏறக்குறைய 400 கோடி டாலர் திருப்பித் தரப்பட்டது. சான்று கேட்கும் ஒரு மேலாய்வு எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு இது உதாரணம்.

கோப்பில் இல்லாதவர்

நம் நாட்டு விசாரணையில் ஆலைகளுக்கு இடமுண்டு. இறக்குமதியாளர், ஏற்றுமதியாளருக்கு இடமுண்டு. அப்பொருளைப் பயன்படுத்தும் தொழில்களும் நுகர்வோர் அமைப்புகளும் கருத்துக் கூற 6-வது விதி வாய்ப்பளிக்கிறது. ஆனால், மரம் வளர்த்த விவசாயி இப்பட்டியலில் இல்லை. ஆலையின் கணக்கில் அவர் "மூலப்பொருள் செலவு" என்ற ஒரு வரியாக மட்டுமே இடம்பெறுகிறார். மர விலை உயர்ந்தால் அது ஆலைக்குப் பாதிப்பு. விலை வீழ்ந்தால் அது எவருடைய பாதிப்பு என்று விதிகள் கேட்பதில்லை.

2025-ம் ஆண்டு பிப்ரவரி முதல் மரப் பலகைகளுக்கு இந்திய தர நிர்ணய அமைவனத்தின் சான்று கட்டாயமாகியுள்ளது. வெளிநாட்டு ஆலைகளுக்கும் இது பொருந்தும். இறக்குமதியை முறைப்படுத்த வரி ஒன்றே வழி அல்ல என்பது தெளிவு. எவ்வழியாயினும், முடிவெடுப்பவர் காரணத்தை எழுதி வைப்பதும், அதை மற்றொருவர் ஆராய இடமளிப்பதும் அவசியம்.

வரி வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ நீதிமன்றம் சொல்ல வேண்டியதில்லை. "ஏன்" என்று கேட்க இடமிருந்தால் போதும். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காத வரை, ஸ்ரீகாளஹஸ்தி வட்டாரத்தில் அடுத்த ஐந்தாண்டுக்காகக் கன்று நடுபவர், மழையை மட்டுமல்ல, தில்லியின் மௌனத்தையும் கணித்தே குழி தோண்ட வேண்டியிருக்கும்.