கல்வி ஆலோசகர்

கல்லூரி ஆசிரியரின் பணி வகுப்பறையோடு முடிவதன்று. பல கல்லூரிகளில் ஒவ்வொரு மாணவர் குழுவிற்கும் ஓர் ஆசிரியர் கல்வி ஆலோசகராக அமர்த்தப்படுகிறார். எந்தப் பருவத்தில் எந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது, தேறாத தேர்வை எப்போது மீண்டும் எழுதுவது என்பனவற்றை அவர் எடுத்துரைப்பார்.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைப் பின்பற்றும் பல்கலைக்கழகங்களில் இப்பொறுப்பு மேலும் பெரிதாயிற்று. தந்தையின் பணியிட மாற்றத்தாலோ வறுமையாலோ ஒரு மாணவி முதலாண்டின் முடிவில் படிப்பை நிறுத்த நேரலாம். 40 கிரெடிட் புள்ளிகளைப் பெற்றிருந்தால் அவளுக்குச் சான்றிதழ் உண்டு. ஆயினும், கோடை விடுமுறையில் 4 புள்ளிகளுக்குரிய தொழிற்பாடம் ஒன்றையும் அவள் முடித்திருத்தல் வேண்டும். மூன்றாண்டுகளுக்குள் திரும்பி வந்தால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இவற்றை அறியாமல் விலகினால் ஓராண்டு உழைப்பு வீணாகும். உரிய காலத்தில் இதனை உணர்த்துவதே ஆலோசகரின் கடமை.

அவருக்கும் இல்லம் உண்டு. பள்ளி செல்லும் பிள்ளைகள் உண்டு. மாலையில் தம் மகனுக்குக் கணக்குச் சொல்லித்தரும் வேளையிலும் மாணவரின் தொலைபேசி அழைப்பு வரும். இரு கடமைகளுக்கும் நேரம் பகுத்தளிப்பதே அவர்தம் அன்றாட முயற்சி. எனவே, ஐயம் எழுந்தவுடன் காலந்தாழ்த்தாது அவரை அணுகுதல் நன்று.