சோலைக்கு ஒரு மண், பைனுக்கு ஒரு மண்

நீலகிரியின் பைன் தோட்டங்களில் மழைக்காலத்தில் வெள்ளைப் புள்ளியிட்ட சிவப்புக் காளான்கள் ஊசியிலைச் சருகை முட்டிக்கொண்டு எழும். (நச்சுக்காளான் அது, பறித்துவிட வேண்டாம்.) பக்கத்துச் சோலைக்காட்டில் எவ்வளவு தேடினாலும் அது கண்ணில் படாது. மலையும் மழையும் ஒன்றுதான், மரம்தான் வேறு.

நாம் பார்க்கும் குடை அந்தப் பூஞ்சையின் கனி மட்டுமே. உடல் மண்ணுக்குள் நூல்நூலாகப் பரவியிருக்கிறது. அந்த நூல்கள் பைனின் வேர்நுனிக்கு உறையிட்டு, செல்களின் இடுக்குகளில் புகுகின்றன, செல்லுக்குள் நுழைவதில்லை. பாஸ்பரஸ், நைட்ரஜன், நீர் ஆகியவற்றை மரத்துக்குச் சேர்க்கின்றன. இலையில் ஆக்கிய சர்க்கரையை மரம் பதிலுக்குக் கொடுக்கிறது. இந்த உறவுக்கு 1885இல் மைக்கோரைசா என்று பெயரிட்டார் ஜெர்மன் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க்.

சோலை மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு வாய்த்த துணை வேறு வகை. அது வேர்ச் செல்லுக்குள்ளேயே புகுந்து நுண்ணிய கிளைகளாகப் பிரியும், காளானே விடாது. சோலை ஓரத்துக் காட்டுப்பூவரசுக்கோ, மயிரிழை போன்ற வேர்களில் மூன்றாவதாக இன்னொரு கூட்டம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கற்பூர மரமும் சீகையும் முதல் இரண்டு வகைகளோடும் ஒத்துப்போகும்.

பைனுக்கு அந்த வசதி கிடையாது. போர்ட்டோ ரிக்கோ தீவில் நட்ட பைன் நாற்றுகள் ஆண்டுக்கணக்கில் வெளிறிக் குன்றின. 1950களில் வட கரோலினாவின் பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து இட்ட பிறகுதான் அவை தழைத்தன.

மரம் தேர்ந்துகொண்ட பூஞ்சை, சருகு மக்கும் வேகத்திலும் கை வைக்கிறது. நியூசிலாந்தின் பைன் தோட்டத்தில் ரூத் காட்கில், பீட்டர் காட்கில் இருவரும் வேர்களையும் அவற்றின் பூஞ்சைகளையும் விலக்கிப் பார்த்தார்கள். சருகு விரைவாக மக்கியது. மக்கச்செய்யும் நுண்ணுயிர்களை வேர்ப்பூஞ்சைகள் பட்டினி போடுகின்றன என்று 1971இல் எழுதினார்கள். எல்லாக் காடுகளிலும் இது நடப்பதில்லை. ஆனாலும், மரத்தை மாற்றினால் மண்ணின் உள்வேலையும் மாறக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

நீலகிரியில் அந்நிய மரங்களை அகற்றிச் சோலையை மீட்கும் பேச்சு நடக்கிறது. மிக நல்ல காரியம். நாற்றுப் பையில் சோலை மண்ணும் ஒரு பிடி சேர்க்க வேண்டும் என்பேன். அருகில் காளான்கள் இருந்தால் அவற்றின் வித்து காற்றில் பறந்துவந்துவிடும். சோலை மரங்களின் துணைப் பூஞ்சைகளோ தம் வித்துகளைப் பெரும்பாலும் மண்ணுக்குள்ளேயே உண்டாக்குகின்றன. அவை தாமாக நெடுந்தூரம் வந்து சேர்வது கடினம்.